அன்பு குடியிருந்த இல்லம்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் சங்க இலக்கியம், திருக்கோயில்கள், தமிழ்ப் பெரியோர் ஆகியவை பற்றிய கட்டுரைகள் இடம்பெறுதல் வழக்கம். பிறந்த நாட்டின் பெருமையை நம் மக்கள் மறவாதிருத்தல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் அவை எழுதப்பெறுகின்றன. அந்நோக்கம் போற்றத்தக்கதே. ஆயினும், நமக்கு வாழ்வளித்த ஊரின் வரலாற்றை அறிந்திருத்தலும் நம் கடமையாகும். நாம் காய்கறி வாங்கச் செல்லும் தெருக்களிலும், நம் சிறுவர் பள்ளிக்குச் செல்லும் சாலைகளிலும் நடந்தவற்றை அறியோமாயின், எத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்தாலும் நாம் வழிப்போக்கரே ஆவோம். ஆகவே, இவ்வாண்டு இந்நகரத்து வரலாற்றில் ஓர் ஏட்டைப் புரட்ட விழைகின்றோம். 2001-ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என்று வழங்கும் இந்நகரை, பழைய நிகழ்ச்சிகளைக் கூறுமிடத்துக் கல்கத்தா என்ற பழைய பெயராலேயே குறிப்போம்.

அந்த ஏடு அச்சத்தைப் பற்றியது. அச்சத்தின் நடுவே அன்பைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பற்றியது. சொந்த ஊரை விட்டு வந்து வாழ்வோர்க்கு அச்சம் புதிதன்று. கலவரம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நாம் என்ன செய்கின்றோம்? கதவைத் தாழிடுகின்றோம். வீட்டில் உள்ள அரிசியும் பருப்பும் எத்தனை நாளைக்கு வரும் என்று பார்க்கின்றோம். ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் ரயிலில் இடம் உண்டா என்று விசாரிக்கின்றோம். 'இந்தச் சண்டையில் நமக்கு என்ன பங்கு?' என்று ஒதுங்குகின்றோம். இவற்றைக் குற்றமென்று சொல்ல நாம் முன்வரவில்லை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் கருத்து. எனினும், அச்சம் வாயிற் காவலனாக நிற்கும் வரையில்தான் நன்மை. அதுவே வீட்டுத் தலைவனாகிவிடுமாயின், அயலானைப் பகைவனாகக் காட்டும். கேட்டதையெல்லாம் நம்பச் செய்யும். நல்லவர் கையிலும் கல்லைக் கொடுக்கும். 1946, 1947 ஆகிய ஆண்டுகளில் வங்கத்தில் நடந்தது இதுவே.

இருள் சூழ்ந்த ஆண்டு

1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் முஸ்லிம் லீக் 'நேரடி நடவடிக்கை நாள்' கொண்டாட அழைப்பு விடுத்தது. அன்று கல்கத்தாவில் தொடங்கிய கொலைவெறி நான்கு நாள் நீடித்தது. மாண்டவர் 4,000 பேருக்குக் குறையாதவர் என்பது பொதுவான மதிப்பீடு. இந்துக்களும் மாண்டனர், முஸ்லிம்களும் மாண்டனர். அந்நாளில் வங்க மாகாண முதலமைச்சராக இருந்தவர் ஹுசேன் ஷகீத் சுஹ்ரவர்தி. கொலையைத் தடுக்கத் தவறியவர் என்ற பழி அவர்மீது நிலைத்தது. அந்த நாட்களுக்குப்பின் நகரமே இரண்டாகப் பிளவுபட்டது. இது இந்துத் தெரு, இது முஸ்லிம் தெரு என்று மக்கள் கோடு கிழித்து வாழத் தொடங்கினர். ஒரு தெருவார் மறு தெருவுக்குள் காலெடுத்து வைக்க அஞ்சினர்.

கல்கத்தாவில் பற்றிய தீ அங்கேயே அவிந்துவிடவில்லை. அக்டோபர் மாதம் 10-ஆம் நாள் முதல் கிழக்கு வங்கத்தில் நோவாகாலி மாவட்டத்தில் சிறுபான்மையினரான இந்துக்கள் தாக்குண்டனர், வீடுகள் எரிந்தன, பலர் வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டனர். நோவாகாலிக்குப் பழிவாங்குவதாகச் சொல்லிப் பீகாரில் சிறுபான்மையினரான முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஓரிடத்துச் செய்தி மற்றோரிடத்துக்கு அச்சமாகச் சென்றது, அச்சம் சினமாயிற்று, சினம் கொலையாயிற்று.

நோவாகாலியின் சேற்று வழிகள்

காந்தியடிகள் அப்போது 77 வயது முதியவர். தில்லியில் ஆட்சி மாற்றத்தைப் பற்றிய பேச்சுகள் நடந்துகொண்டிருந்தன. அவரோ 1946 நவம்பரில் நோவாகாலியை அடைந்தார். உடன்வந்த தொண்டர்களைத் தம்முடன் வைத்துக்கொள்ளாமல், ஆளுக்கோர் ஊராகப் பிரித்து அனுப்பினார். தாமும் ஸ்ரீராம்பூர் என்னும் சிற்றூரில் ஒரு குடிசையில் தங்கினார். 1947 ஜனவரி 2-ஆம் நாள் அங்கிருந்து நடைப்பயணம் தொடங்கினார். நாள்தோறும் ஓர் ஊர், வெறுங்கால், ஒற்றை மூங்கிலிட்ட பாலங்கள். அப்பாலங்களைக் கடக்க அம்முதியவர் முன்னதாகவே பழகிக்கொண்டார். மார்ச்சுத் தொடக்கத்தில் பீகாருக்குப் புறப்படும் வரையில் 47 ஊர்களுக்குச் சென்றார். நடந்த தொலைவு ஏறத்தாழ 116 மைல்.

ஊரை விட்டு ஓடிய இந்துக்கள் அவரிடம் போலீசையும் பட்டாளத்தையும் வேண்டினர். பட்டாளம் எத்தனை நாள் நிற்கும் என்பதே அவர் கேள்வி. ஒவ்வோர் ஊரிலும் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் அவ்வூரார் அனைவர்க்கும் பிணையாக நிற்க முன்வரவேண்டும் என்பது அவர் கூறிய வழி. அவ்வழி எல்லா ஊரிலும் நிறைவேறியது என்று சொல்லுவதற்கில்லை. அவருடைய பாதையில் அசுத்தத்தைக் கொட்டி வைத்தவர்களும் உண்டு. ஆயினும், அவருடன் வந்த அம்துஸ் ஸலாம் என்னும் முஸ்லிம் அம்மையார் சிரண்டி என்ற ஊரில், தம் மதத்தாரின் மனம் திரும்ப வேண்டி 25 நாள் உண்ணாநோன்பு இருந்தார். காந்தியடிகள் நேரில் வந்து பழச்சாறு அளித்தபின்னரே அதனை முடித்தார்.

இங்கு ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். காந்தியடிகளின் உள்ளம் எந்நாளும் அலையற்ற குளம்போல் இருந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது. தம்மைச் சுற்றி இருள் சூழ்ந்துள்ளது என்றும் வழி தெரியவில்லை என்றும் அந்நாளில் அவரே ஒப்புக்கொண்டார். 'என்ன செய்வேன், என்ன செய்வேன்' என்று அவர் தமக்குள் முணுமுணுத்ததை, உடனிருந்து தொண்டாற்றிய பேராசிரியர் நிர்மல் குமார் போஸ் கேட்டுப் பதிவு செய்துள்ளார். மன அமைதி அவருக்குத் தானாக வந்த வரமன்று. விடியுமுன் எழுதல், வழிபாடு, நூற்றல், நடத்தல், நோயாளியைக் கவனித்தல் என ஒவ்வொரு நாளும் அவர் அதனை உழைத்துத் தேடிக்கொண்டார். அவ்வேலைகளுள் வங்கமொழி கற்றலும் ஒன்று. முதுமையில் பள்ளிச் சிறுவனைப்போல் எழுத்துக் கூட்டிப் பயின்றார். 1948 ஜனவரி 30-ஆம் நாள், தம் வாழ்வின் இறுதி நாளிலும், அவர் வங்கப் பாடம் எழுதத் தவறவில்லை.

தமிழராகிய நமக்கு இச்செய்தி வியப்பளிக்காது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த காலத்தில், ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்ற நம் மக்களோடு பழகும்பொருட்டு அவர் தமிழும் பயின்றவர். தமிழில் கையெழுத்தும் இட்டவர். அந்நாட்டில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் மறைந்த வள்ளியம்மைக்கு வயது 16. அயல் மண்ணில் வாழ்ந்த ஒரு தமிழ்ச் சிறுமியின் அஞ்சாமையைக் காந்தியடிகள் தம் வாழ்நாள் முழுதும் மறந்தாரல்லர்.

பகைவர் இருவர், கூரை ஒன்று

1947 ஆகஸ்டு 15-ஆம் நாள் விடுதலை நாளெனக் குறிக்கப்பெற்றது. அன்று தாம் நோவாகாலியில் இருத்தல் வேண்டும் என்று கருதிய காந்தியடிகள், ஆகஸ்டு 9-ஆம் நாள் கல்கத்தா வந்து சோத்பூர் ஆசிரமத்தில் தங்கினார். நகரத்து முஸ்லிம் பெரியோர் சிலர், முன்னாள் மேயர் முகம்மது உஸ்மான் தலைமையில் அவரைக் கண்டனர். ஆட்சி மாறப்போகிறது, சென்ற ஆண்டின் கொலைக்கு இப்போது பழிவாங்கப்படுமோ என்று அவர்கள் நடுங்கினர். சில நாளேனும் கல்கத்தாவில் தங்குமாறு வேண்டினர். நோவாகாலி இந்துக்களின் பாதுகாப்புக்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களாயின் தங்குவேன் என்றார் அடிகள். அவர்கள் இசைந்தனர்.

அடுத்து வந்தவர் சுஹ்ரவர்தி. அவரிடம் காந்தியடிகள் விடுத்த கோரிக்கை எவரும் எதிர்பாராதது. கலவரம் நிகழும் பகுதியில், போலீசோ பட்டாளமோ காவல் நிற்காத ஒரு வீட்டில், இருவரும் ஒருங்கே வாழ்தல் வேண்டும். வருவோரை ஒருங்கே சந்தித்தல் வேண்டும். அவசரமின்றி வீட்டாரோடு கலந்து முடிவு கூறுமாறும் சொன்னார். சுஹ்ரவர்தி இசைவு தந்தார். 

பேலியாகாட்டாப் பகுதியில் ஹைதரி மன்சில் என்னும் பழைய முஸ்லிம் வீடு இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பெற்றது. நாற்புறமும் திறந்து கிடந்த பாழ்வீடு அது. வருவோர் போவோர் அனைவர்க்கும் ஒரே கழிப்பிடம். நாற்றம் மறையப் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தனர். சுற்றிலும் ஏழை மக்களின் குடியிருப்பு. அங்கிருந்த முஸ்லிம்களுள் பலர் வீடு துறந்து ஓடிவிட்டனர். ஆகஸ்டு 13-ஆம் நாள் காந்தியடிகள் அங்கு வந்து சேர்ந்தபோது அவரை வரவேற்றவர்கள் சினங்கொண்ட இந்து இளைஞர்களே. 'சென்ற ஆண்டு இந்துக்கள் கொல்லப்பட்டபோது வாராதவர், இன்று முஸ்லிம்களைக் காக்க ஏன் வந்தீர்?' என்பது அவர்கள் கேள்வி. கற்கள் பறந்தன, சன்னற் கண்ணாடிகள் உடைந்தன.

அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று ஒதுக்கிவிட இயலாது. இழப்புக்குள்ளானவர்களின் குமுறல் அது. காந்தியடிகளும் அதை ஒதுக்கவில்லை. அவ்விளைஞர்களை உள்ளே அழைத்து அமரச் செய்தார். பிறப்பாலும் வாழ்வாலும் இந்துவாகிய தாம் இந்துக்களுக்குப் பகைவனாவது எவ்வாறு என்று கேட்டார். நோவாகாலி இந்துக்களின் உயிர்க்காகவே இங்குத் தங்கியிருப்பதை விளக்கினார். மறுநாளும் அவர்கள் வந்தனர், மறுநாளும் பேசினார். முடிவில் அவ்விளைஞர்களே அவ்வீட்டுக்குத் துணையாயினர்.

ஆகஸ்டு 14-ஆம் நாள் மாலை மற்றொரு காட்சி. வீட்டின்முன் கூடிய கூட்டம் சுஹ்ரவர்தியைக் கேட்டு ஆரவாரம் செய்தது. காந்தியடிகள் அவரைச் சன்னலருகே நிறுத்தி, தாமும் அருகில் நின்றார். சென்ற ஆண்டுக் கொலைகளுக்கு நீர் பொறுப்பாளி அல்லவா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். ஆம், பொறுப்பு என்னுடையதே என்று ஒப்புக்கொண்டார் சுஹ்ரவர்தி. கூட்டம் அடங்கியது. ஆண்டு முழுதும் மறுக்கப்பட்டு வந்த பழியை ஒருவர் வாய்திறந்து ஏற்றபோது, மக்கள் நெஞ்சில் இறுகிக் கிடந்தது நெகிழ்ந்தது. அன்பு என்பது இனிய சொல் மட்டும் அன்று. தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவும் அதனுள் அடங்கும்.

விடுதலை நாளில் ஒரு நோன்பு

அன்றிரவே நகரத்தின் முகம் மாறிற்று. இந்துக்களும் முஸ்லிம்களும் தெருவில் தழுவிக்கொண்டனர். ஓராண்டாக மூடிக்கிடந்த வழிகள் திறந்தன. டிராம் வண்டிகளிலும் லாரிகளிலும் இருசாராரும் சேர்ந்தேறி ஊர்வலம் வந்தனர். முஸ்லிம்கள் பன்னீர் தெளித்து இந்துக்களை வரவேற்றனர். ஆகஸ்டு 15-ஆம் நாள் தில்லி விழாக்கோலம் பூண்டிருந்தது. காந்தியடிகளோ பேலியாகாட்டாவில் உண்ணாமலிருந்து, நூற்று, வழிபட்டு அந்நாளைக் கழித்தார். அவருடைய அன்புச் செயலாளர் மகாதேவ தேசாய் 1942-இல் சிறையில் மறைந்ததும் அதே நாள். விடுதலைச் செய்தி கேட்டு வந்த அரசினர்க்குச் சொல்ல அவரிடம் சொல் ஏதும் இருக்கவில்லை. வாழ்த்துப் பெற வந்த மேற்கு வங்க அமைச்சர்களைப் பணிவுடன் நடக்குமாறு கேட்டுக்கொண்டார். ஆகஸ்டு 18-ஆம் நாள் ஈகைத் திருநாள் வந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் இலட்சக் கணக்கில் ஒரே திடலில் கூடி வாழ்த்துக் கூறிக்கொண்டனர்.

இதே நாட்களில் பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. பஞ்சாபில் 55,000 படைவீரர் இருந்தும் கலகம் அடங்கவில்லை, வங்கத்திலோ ஒரே மனிதர் படையாக நிற்கிறார், அங்குக் கலகமில்லை என்ற பொருளில் மவுண்ட்பேட்டன் பிரபு அவருக்குக் கடிதம் எழுதியதைப் பலரும் அறிவர்.

மீண்டும் மூண்ட தீ

கதை இங்கு முடிந்திருப்பின் இதனை ஓர் அற்புதம் என்று கூறி நாம் கைகூப்பிவிட்டுச் சென்றிருக்கலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதன்று. ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவு பத்து மணியளவில், காந்தியடிகள் படுக்கச் சென்றபின், ஒரு கூட்டம் வீட்டுக்குள் புகுந்தது. கட்டுப் போட்ட ஓர் ஆளைச் சுமந்து வந்து, முஸ்லிம்கள் இவனைக் குத்திவிட்டனர் என்று கூச்சலிட்டது. மனு, ஆபா என்னும் இரு இளம் பெண்கள் கூட்டத்தை அமைதிப்படுத்த முயன்றனர். கண்ணாடிகள் நொறுங்கின. கைகூப்பி நின்ற காந்தியடிகளை நோக்கி ஒருவன் வீசிய தடி அவர்மீது படாமல் தப்பியது. பின்னர், முதலமைச்சர் பிரபுல்ல சந்திர கோஷ் அந்த ஆளைப் பரிசோதிக்கச் செய்தார். அவன் உடலில் கத்திக்குத்து எதுவுமே இல்லை என்பது தெரியவந்தது!

படிப்போர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறோம். ஒரு பொய்ச் செய்தி. அதனை ஆராயாமல் நம்பிய ஒரு கூட்டம். மறுநாள் செப்டம்பர் 1-ஆம் தேதி நகரமெங்கும் மீண்டும் கொலை. பேலியாகாட்டாவை விட்டு லாரியில் வெளியேறிய ஏழை முஸ்லிம் தொழிலாளர்மீது குண்டு வீசப்பட்டது; இருவர் மாண்டனர். காந்தியடிகள் அவர்களின் உடல்களை நேரில் சென்று கண்டார். அன்றிரவு 8.15 மணிக்கு உண்ணாநோன்பு தொடங்கினார். கல்கத்தாவுக்கு அறிவு திரும்பும்போதே அது முடியும் என்று அறிவித்தார்.

ஆளுநர் இராஜாஜி

தமிழராகிய நாம் நினைவிற்கொள்ளத் தக்க பகுதி இது. மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநராக ஆகஸ்டு 15-ஆம் நாள் பதவி ஏற்றவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். 1939-இல் சுபாஷ் சந்திர போஸுக்கு மாறாக நின்றவர் என்ற வருத்தம் வங்க மக்களிடையே அவர்பால் இருந்தது. உள்ளங்கள் திறவாத ஊருக்கு வந்து, அவ்வூரின் துன்பத்தில் அவர் பங்குகொண்டார். காந்தியடிகளுக்கு அவர் நெடுநாளைய தோழர். அடிகளின் மைந்தர் தேவதாஸ், இராஜாஜியின் மகள் இலட்சுமியை 1933-இல் மணந்தபின் சம்பந்தியும் ஆனார்.

நோன்புச் செய்தி கேட்டு அன்றிரவே ஓடிவந்த இராஜாஜி, நெடுநேரம் வாதாடினார். குண்டர்களை எதிர்த்து உண்ணாநோன்பு இருத்தல் பொருந்துமா என்று கேட்டார். குண்டர்களுக்குப் பின்னால் நிற்கும் நல்லவர்களின் நெஞ்சைத் தொடவே இந்நோன்பு என்றார் அடிகள். சற்றுப் பொறுத்துப் பார்க்கலாமே என்றார் இராஜாஜி. பொறுத்தால் காலம் கடந்துவிடும் என்பது விடை. வாதம் பயன்தரவில்லை. அப்போது இராஜாஜி அறிக்கையின் எழுத்துப்படியைப் பார்த்தார். குடிக்கும் நீரில் எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் ஒரு சொல் இருந்தது. இறைவனிடம் முழுதும் ஒப்படைத்துவிட்டீர் என்றால் எலுமிச்சை எதற்கு என்று அவர் சுட்டிக்காட்டினார். காந்தியடிகள் உடனே அச்சொற்களை அடித்துவிட்டார். நோன்பைத் தடுக்க வந்த நண்பரே, அது நோன்பாக இருக்குமாயின் குறையின்றி இருக்கட்டும் என்று கருதியது போலும்! நேர்மையான நட்பு என்பது இத்தகையதே.

மூன்று நாள் கழிந்தன. அமைதி ஊர்வலங்கள் புறப்பட்டன. அவ்வாறு புறப்பட்டவர்களுள் சசீந்திர மித்ரர், ஸ்மிருதீஷ் பானர்ஜி ஆகியோர் கத்திக்கு இரையாயினர். அவர்கள் பெயரை நம் சிறுவர்க்கு நாம் சொல்லிவைக்க வேண்டும். அன்பு வழியில் நிற்போர்க்கு ஆபத்து வாராது என்று எவரும் உறுதி கூற இயலாது என்பதற்கு அவர்களே சான்று. ஆபத்து உண்டென்று அறிந்தும் அவர்கள் தெருவில் இறங்கினர். வடகல்கத்தாப் போலீசார் பலர், ஐரோப்பிய அதிகாரிகள் சிலரும் உட்பட, கடமையில் இருந்துகொண்டே ஒருநாள் உண்ணாதிருந்தனர்.

செப்டம்பர் 4-ஆம் நாள் வன்முறைக் கூட்டத்தினர் சிலரே அடிகளின் படுக்கையருகே வந்து, தண்டனை எதுவாயினும் ஏற்போம், நோன்பை மட்டும் விடுங்கள் என்று வேண்டினர். முஸ்லிம்களிடம் உடனே சென்று, உங்களைக் காப்போம் என்று உறுதி கூறுங்கள், அதுவே நான் தரும் தண்டனை என்றார் அவர். லாரியில் ஆயுதங்கள் வந்து குவிந்தன. இந்து, முஸ்லிம், சீக்கியத் தலைவர்கள் கூடி வந்தனர். கலகம் மீண்டும் எழுமாயின் அதனைத் தடுப்பதில் உயிரைக் கொடுப்பீர்களா என்று அவர்களைக் கேட்டார். அவர்கள் அடுத்த அறைக்குச் சென்று, கலந்து, எழுத்தில் உறுதி தந்தனர். இரவு 9.15 மணிக்கு, 73 மணி நேர நோன்பு முடிந்தது. பழச்சாறு நீட்டியவர் சுஹ்ரவர்தி.

காந்தியடிகள் எத்தனையோ வெற்றி கண்டவர். ஆயினும் கல்கத்தாவில் தீமையை வென்றதைப்போல் வியப்புக்குரியது வேறில்லை, நாட்டு விடுதலையும் அதற்கு ஈடன்று என்பது இராஜாஜியின் துணிபு. செப்டம்பர் 7-ஆம் நாள் அடிகள் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார். வாழ்த்துச் செய்தி கேட்ட தொண்டர் ஒருவர்க்கு, தம் வாழ்க்கையே தம் செய்தி என்ற கருத்தை அவர் வங்கமொழியிலேயே எழுதிக் கொடுத்தார்.

வென்றது எது?

தில்லியில் நடந்ததை அனைவரும் அறிவர். அங்கும் 1948 ஜனவரி 13 முதல் 18 வரை நோன்பிருந்து அவர் மக்களை ஒன்று சேர்த்தார். 20-ஆம் நாள் வழிபாட்டுத் திடலில் குண்டு வெடித்தது. வழிபாட்டுக்கு வருவோரைச் சோதனையிடல் ஆகாது என்று மறுத்துவிட்டார். 30-ஆம் நாள் மாலை அவர் உயிர் பிரிந்தது. 

அப்படியாயின் அச்சம் வென்றுவிட்டதா என்று கேட்கலாம். மேலும், வங்கத்தில் 1950-இலும் 1964-இலும் கலகங்கள் மீண்டும் எழுந்தன என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. ஒரு முறை தேடிய அமைதி என்றென்றைக்கும் நிற்பதில்லை. வீட்டை நாள்தோறும் பெருக்கி விளக்கேற்றுவதுபோல், அதனையும் நாள்தோறும் பேண வேண்டியுள்ளது. ஆனால் 1947-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், பஞ்சாபும் தில்லியும் எரிந்தபோது, அதே பகையும் அதே அச்சமும் நிறைந்த கல்கத்தா அடங்கியது என்பது நடந்த உண்மை. அந்நாட்களில் உயிர் பிழைத்த குடும்பங்களின் மக்களும் பேரரும் இன்று இந்நகரத் தெருக்களில் நடமாடுகின்றனர். இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

அந்த வெற்றியின் உள்ளே என்ன இருந்தது என்று ஆராய்வோமாயின், மந்திரம் எதுவும் காணோம். அச்சம் தங்கியிருந்த இடத்துக்கே சென்று குடியிருந்தார். கதவைத் திறந்து வைத்தார். சினத்தோடு வந்தவனை அமரச் சொல்லிக் கேட்டார். பகைவனென்று ஊர் கூறியவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தார். அயலாரின் மொழியைக் கற்றார். அமைதியான உள்ளம் கிடைத்தபின் அன்பு செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. அன்பைச் செயலாக்கினார், அதன் வழியே அமைதி வந்தது.

நம் வீட்டு வாயில்

இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். நம் காலனியில் நாம் ஒருவரையொருவர் அறிவோம். யார் வீட்டில் திருமணம், யார் வீட்டில் நோய் என்பதெல்லாம் உடனே தெரியும். பொங்கலுக்கும் கார்த்திகைக்கும் கூடுகின்றோம். இது நம் பலம். ஆனால் காலனிக்கு அப்பால், அதே தெருவில் பால் கொண்டுவருபவர், துணி தேய்ப்பவர், ரிக்‌ஷா இழுப்பவர், எதிர்வீட்டு முதியவர் ஆகியோரின் பெயர் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர் தெரியாதவனைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்பிவிடுவது மனித இயல்பு. பேர் சொல்லி அழைத்து நலம் கேட்டுப் பழகியவனைப் பற்றிய பொய் நம் காதில் ஏறுவதில்லை.

ஆகவே, நம் குடும்பங்கள் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி முடிப்போம். வங்கமொழியைக் கடைக்காரரிடம் பேரம் பேசும் அளவோடு நிறுத்தாமல், பெரியோரும் முறையாகக் கற்பது நன்று. 77 வயதில் அடிகளால் இயன்றது நமக்கு இயலாதோ? தமிழை மறவாமலே இதனைச் செய்யலாம். அயலார் திருநாளில் அவர்கள் வாயிலுக்கும், நம் திருநாளில் நம் வாயிலுக்கும் அவர்களும் நாமும் செல்லலாம். கலவரச் செய்தி எதையும், கண்டவரை நேரில் கேட்டறியாமல் மற்றொருவர்க்குச் சொல்லுவதில்லை என்று உறுதி கொள்ளலாம். அக்காலத்தில் வாய்வழிப் பரவிய பொய் இக்காலத்தில் கைப்பேசி வழியே நொடியில் பரவுகின்றது. சிறுவர் முன்னிலையில் எந்த இனத்தாரையும் இழித்துப் பேசாதிருக்கலாம். துன்பக் காலத்தில் கதவைத் தாழிடுமுன், எதிர்வீட்டில் தனித்திருப்பவர் எவர் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். இவை சிறு செயல்களே. பேலியாகாட்டாவிலும் பெருஞ்செயல் என்று எதுவும் நடக்கவில்லை. ஒரு முதியவர் ஒரு வீட்டில் குடியிருந்தார், அவ்வளவே.

அந்த வீடு இன்று காந்தி பவன் என்னும் பெயரோடு நினைவில்லமாகப் பேணப்பெறுகின்றது. நாம் ஊரிலிருந்து வரும் உறவினர்க்குக் காளி கோயிலையும், விக்டோரியா நினைவு மண்டபத்தையும், தட்சிணேசுவரத்தையும் காட்டுகின்றோம். அடுத்த முறை பேலியாகாட்டாவுக்கும் அழைத்துச் செல்வோமாக. நம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, கல்லெறி பட்ட சன்னல்களின் பக்கம் நின்று, இங்கு வந்த இளைஞர்கள் சினத்தோடு வந்து நண்பராய்த் திரும்பினர் என்று சொல்லிக் கொடுப்போமாக. நாம் வந்து குடியேறிய ஊர் இது என்ற எண்ணம் அவர்கள் மனத்திலிருந்து மெல்ல நீங்கி, நம் ஊர் இது என்ற எண்ணம் அங்கு வேரூன்றும்.

வாழ்க தமிழ்! வாழ்க வங்கம்! வாழ்க பாரதம்!